பட்டியிலிருந்து பட்டினாவுக்கு

“டிங்கரிங், பட்டி, பெயிண்ட், சீட் புதுசு, எஞ்சின் ஓவராயில்.”

1994-ல் என் பெரியப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைக் கும்பகோணத்தில் ஒரு பட்டறையில் விட்டபோது, கிழித்த தேதித்தாளின் பின்பக்கம் மேஸ்திரி பென்சிலால் எழுதிக் கொடுத்த கணக்கு இவ்வளவுதான். எழுதி முடித்து நிமிர்ந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “புதுசு மாதிரி பண்ணிடலாமா தம்பி?”

“பண்ணிடுங்கண்ணே” என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் அன்று தோன்றியது.

நான்கு மாதம் கழித்து வண்டி வந்தது. வெளிர் பச்சையாகப் போன கார் மெட்டாலிக் நீலத்தில் பளபளவென்று திரும்பியிருந்தது. தெருவே வந்து பார்த்தது. பெரியம்மா திருஷ்டி சுற்றிப் போட்டார். இரண்டு வாரம் போயிருக்கும். ஏதோ ரசீதை வைப்பதற்காக டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தபோது திக்கென்றது. பெரியப்பா ஒவ்வொரு தடவை ஆயில் மாற்றும்போதும் அந்தப் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் தேதியையும் மைலையும் பென்சிலால் குறித்து வைப்பார். பொடி எழுத்து. ஏழைக் கொஞ்சம் சாய்த்துப் போடுவார். இருபது வருடத்துக்கு மேல் வரிசையாக இறங்கி வந்த அந்தக் கணக்கை வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, பிரைமர் கொடுத்து, நீலம் அடித்திருந்தார்கள். மூடியில் முகம் பார்க்கலாம் போல் இருந்தது.

மேஸ்திரி மேல் ஒரு குற்றமும் இல்லை. கொடுத்த வாக்குக்கு நேர்மையாக வேலை செய்தார். ‘புதுசு மாதிரி’ என்றால் பழையது எதுவும் கண்ணில் படக் கூடாது. பென்சில் எழுத்தும் பழையதுதானே? அந்த எழுத்தை அழித்தது நான் சொன்ன சொல்.

அன்றிலிருந்து பட்டறைகளில் நின்றால் சுத்தியல் சத்தத்தோடு சொற்களையும் கேட்கத் தொடங்கினேன். இந்த முப்பது வருடத்தில் சுத்தியல் மாறவில்லை. தகரமும் மாறவில்லை. பழைய கார் பிடித்தவர்களின் பேச்சு மட்டும் தலைகீழாக மாறிவிட்டது. அன்று ‘பழசு தெரியக் கூடாது’ என்பதற்கு எத்தனை சொற்கள் இருந்தனவோ, இன்று ‘பழசு போய்விடக் கூடாது’ என்பதற்கு அத்தனை சொற்கள் வந்துவிட்டன. பட்டினா, சர்வைவர், என்.ஓ.எஸ்., மேட்சிங் நம்பர். இவற்றில் எந்தச் சொல்லைச் சொல்லி வண்டியை விடுகிறோமோ, அதை வைத்துத்தான் எதைக் கழற்றிக் காயலான் கடைக்குப் போடுவது என்று தீர்மானமாகிறது.

தட்டி எடுப்பவர்கள்

முதலில் நம் ஊர்ச் சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் டிங்கர் என்றால் ஊர் ஊராகப் போய் ஓட்டைப் பாத்திரத்துக்கு ஒட்டுப் போடுபவர். அங்கே அந்தச் சொல்லுக்கு அரைகுறையாக நோண்டுவது என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. வட இந்தியப் பட்டறைகளில் இதே வேலைக்கு டென்டிங் என்று பெயர். தெற்கேதான் டிங்கரிங் ஒரு முழுத் தொழிலின் பெயராக நிமிர்ந்து நிற்கிறது. டிங்கர் என்றால் இங்கே மரியாதை உண்டு.

நல்ல டிங்கர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கதவுத் தகரத்தின் உள்பக்கம் இடது கையில் இரும்புக் கட்டை. வெளியே வலது கையில் சின்னச் சுத்தியல். ஓங்கி அடிப்பதே இல்லை. தட்டித் தட்டி, சொட்டையின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வருவார். ஒவ்வொரு தட்டுக்கும் சத்தம் மாறும். தகரம் கட்டையில் சரியாகப் படிந்த இடத்தில் கணீரென்று வரும். பிறகு ஒரு மெல்லிய துணியை உள்ளங்கைக்கு அடியில் போட்டுக் கதவை மேலிருந்து கீழாகத் தடவுவார். வெறுங்கையில் தெரியாத மேடு பள்ளம் துணி வழுக்கும்போது தெரிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு தடவுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அதற்கப்புறம் மிச்சம் இருக்கும் நூலளவு பள்ளத்துக்குத்தான் பட்டி. எவ்வளவு குறைவாகப் பட்டி வைத்தார் என்பதுதான் டிங்கரின் பெருமை. அவசர வேலை செய்பவரைப் பற்றி “பட்டியிலேயே கதவு பண்ணிட்டான்” என்பார்கள். விரல் கணுவால் தட்டினால் தகரம் ‘டங்’ என்னும், பட்டி ‘தொப்’ என்னும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவது இதற்காகத்தான். பட்டி ஏறிய இடத்தில் காந்தம் பிடிக்காது.

இந்தத் தொழிற்பேச்சு பட்டறையைத் தாண்டி ஊர்ப்பேச்சுக்கும் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு அலங்காரம் செய்துகொள்பவரைப் பார்த்து ‘பட்டி டிங்கரிங் பார்த்தாச்சா’ என்று கேட்பது எல்லோருக்கும் தெரிந்த கேலி. ‘ஓவர்ஹால்’ நம் நாக்கில் புரண்டு ‘ஓவராயில்’ ஆனது. டூகோ என்பது டூபாண்ட் நிறுவனம் 1923-ல் கொண்டுவந்த பெயிண்டின் வணிகப் பெயர். அதற்கு முன் ஒரு காருக்கு வார்னிஷ் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். அதை நாள் கணக்குக்குக் கொண்டுவந்த பெயிண்ட் அது. அந்தப் பெயர் இங்கே வந்து, எந்தக் கம்பெனிப் பெயிண்டாக இருந்தாலும் ‘டூகோ அடிக்கிறது’ என்று பொதுச்சொல்லாக நிலைத்தது. பட்டி, பெயிண்ட், பாலிஷ் என்று எதை எடுத்தாலும் மூடி மறைத்துப் புதிதாக்கும் வேலைதான். எழுத்துத் தமிழில் நாம் வைத்திருக்கும் ‘புதுப்பித்தல்’ என்ற சொல்லுக்குள்ளேயே புது உட்கார்ந்திருக்கிறது.

களிம்பு

இந்தப் பேச்சுக்கு நடுவில் வந்து விழுந்ததுதான் பட்டினா.

இத்தாலிய மொழி வழியாக வந்த சொல். வெண்கலச் சிலைமேல் காலம் போகப் போகப் படியும் பச்சைப் படலத்துக்கு அந்தப் பெயர். மர மேஜை, தோல் பை, கடைசியில் கார் என்று அது பரவியது. வெயிலில் வெளுத்த பெயிண்ட், முழங்கை வைத்து வைத்து நிறம் மங்கிய கதவு விளிம்பு, கை பட்டுப் பட்டு மெருகேறிய ஸ்டீயரிங் எல்லாம் இன்று பட்டினா.

வெண்கலத்தின் அந்தப் பச்சைக்குத் தமிழில் என்ன சொல்? களிம்பு. நமக்குக் களிம்பு என்றால் புளி போட்டுத் தேய்க்க வேண்டியது. சைவ சித்தாந்தம் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமையே செம்பில் களிம்புதான். ஒரு பக்கம் காலத்தின் கையெழுத்து. மறுபக்கம் நீக்க வேண்டிய அழுக்கு. குத்துவிளக்கை வெள்ளிக்கிழமைதோறும் தேய்த்துப் பளபளக்க வைக்கும் வீட்டில் வளர்ந்த டிங்கரிடம் போய், “இந்த மங்கலை அப்படியே விடுங்க” என்றால் அவருக்கு உறுத்தத்தான் செய்யும். அதே சமயம் அருங்காட்சியகத்தில் இருக்கும் சோழர் காலச் செப்புத் திருமேனியை யாரும் புளி போட்டுத் தேய்ப்பதில்லை என்பதும் நமக்குத் தெரியும். இரண்டு பழக்கமும் நம்மிடம் உண்டு. காரை எந்தப் பக்கம் வைப்பது என்பதுதான் கேள்வி.

வெளிநாட்டிலும் இந்த மாற்றம் லேசில் வந்துவிடவில்லை. கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் 1950-லிருந்து நடக்கும் கார் அழகுப் போட்டிதான் இந்த உலகத்தின் உச்சம். பல வருடங்களுக்கு அங்கே பரிசு வாங்கியவை தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில்கூட அவ்வளவு பளபளப்பாக இருந்திருக்காத கார்கள். கதவு இடுக்கு மயிரிழை பிசகாது. அடியில் படுத்துப் பார்த்தாலும் தூசி இருக்காது. பிறகு இவற்றுக்கே ‘ஓவர் ரெஸ்டோர்டு’ என்று ஒரு குறைச்சொல் பிறந்தது. அமெரிக்காவின் பழமையான கார் சங்கமான ஏ.ஏ.சி.ஏ. 1987-ல் தொட்டுக் கெடுக்காத, ‘சர்வைவர்’ எனப்படும் கார்களுக்குத் தனிப் பிரிவு வைத்தது. பெபிள் பீச்சில் அந்தக் கதவு 2001-ல்தான் திறந்தது. இன்று அங்கே கிழிந்த சீட்டோடு நிற்கும் கார் முன்னால்தான் ஆட்கள் அதிக நேரம் நிற்கிறார்கள்.

என்னைக் கேட்டால் அந்த மாற்றத்தின் உச்சி ஒரு ஏரியில் இருந்தது. சுவிட்சர்லாந்தில் மாஜோரே ஏரிக் கரையிலுள்ள அஸ்கோனா என்ற ஊரில், சுங்க வரி கட்டாத புகாட்டி பிரெஷியா காரை 1930-களில் அதிகாரிகள் சங்கிலியில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினார்கள். சங்கிலி துருப்பிடித்து அறுந்து, வண்டி 50 மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டது. 2009 ஜூலையில் உள்ளூர் முக்குளிப்பவர்கள் அதை மேலே கொண்டுவந்தார்கள், வன்முறைக்குப் பலியான அந்தப் பகுதி இளைஞன் ஒருவன் பெயரில் நடக்கும் அறக்கட்டளைக்குப் பணம் சேர்ப்பதற்காக. சேற்றில் புதைந்த பக்கம் ஓரளவு பிழைத்திருந்தது. மறுபக்கம் அரித்து ஓட்டையாகிக் கிடந்தது. 2010 ஜனவரியில் பாரிஸ் ஏலத்தில் அது 2.6 லட்சம் யூரோவுக்குப் போயிற்று. வாங்கிய பீட்டர் மல்லின் நினைத்திருந்தால் அதைப் புத்தம் புதிதாகக் கட்டியிருக்கலாம். பணமும் இருந்தது, பட்டறையும் இருந்தது. அவர் ஒரு ஆணியைக்கூட மாற்றாமல், ஏரியிலிருந்து வந்த கோலத்திலேயே தன் மியூசியத்தில் வைத்தார். முப்பது வருடத்துக்கு முன் அதன் பெயர் பழைய இரும்பு.

2015 பிப்ரவரியில் பிரான்சின் பையோன் குடும்பத்துக் கொட்டகையில் கிடந்த 59 கார்கள் ஏலத்துக்கு வந்தபோது ‘பார்ன் ஃபைண்ட்’ என்ற சொல் உலகமெல்லாம் பரவியது. பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்த ஃபெராரி ஒன்று, அந்தத் தூசியோடு 1.63 கோடி யூரோவுக்குப் போயிற்று. ஏலம் விட்டவர்கள் தூசியைத் துடைக்கவில்லை. தூசிக்கும் விலை உண்டு என்று அவர்களுக்குத் தெரியும். பார்ன் என்பது தானியக் கொட்டகை. நம் ஊரில் “ஷெட்டுல நிக்குது” என்ற இரண்டு சொல்லுக்கு அதே வேகம். பழைய கார்க்காரர் ஒருவர் போனில் இதைச் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் சாப்பாட்டிலிருந்து எழுந்துவிடுவார்.

ஒரிஜினல் என்றால் எது?

எனக்கு ரொம்பப் பிடித்த மாற்றம் ‘ஒரிஜினல்’ என்ற சொல்லுக்கு நேர்ந்தது.

சென்னைப் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் பார்ட்ஸ் வாங்கிப் பழகியவர்களுக்கு ஒரிஜினலின் எதிர்ச்சொல் டூப்ளிகேட். கம்பெனி டப்பாவில் வந்தால் ஒரிஜினல், அவ்வளவுதான். வண்டியில் இருக்கும் பழைய பார்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு டப்பா ஒரிஜினலைப் போடுவது நல்ல வேலை. இன்றைய ஆர்வலரிடம் ஒரிஜினல் என்றால் அந்த வண்டியோடு பிறந்த பார்ட். அது பழுதாகியிருந்தாலும் ஒரிஜினல். டப்பாவில் வந்தது கம்பெனியே செய்ததாக இருந்தாலும் ‘மாத்துனது’. ஒரே சொல், நேர் எதிரான இரண்டு வேலை. வாடிக்கையாளர் ஒன்றை நினைத்துச் சொல்ல, மெக்கானிக் இன்னொன்றைக் கேட்டுக்கொள்வதால் நடக்கும் சண்டைகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இதோடு ‘பழைய ஸ்டாக்’ பிழைத்த கதையையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் கடைக்காரர் இதைக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்: “பழைய ஸ்டாக் சார், பாதி விலைக்கு எடுத்துக்குங்க.” அதே பார்ட்டின் பெயர் இப்போது என்.ஓ.எஸ்., அதாவது ‘நியூ ஓல்டு ஸ்டாக்’. அந்தக் காலத்திலேயே செய்து, விற்காமல், டப்பா பிரியாமல் இருப்பது. ஹெரால்டுக்கு ஒரு என்.ஓ.எஸ். விளக்குக் கண்ணாடி கிடைத்தால் டப்பாவையும் சேர்த்துக் கும்பிட்டு வாங்குகிறார்கள்.

மேட்சிங் நம்பர் என்ற சொல் அமெரிக்காவின் கார்வெட் பிரியர்கள் வழியாகப் பரவியது. இந்தச் சேஸோடு பிறந்த எஞ்சின் இதுதான் என்று எண்களை வைத்து நிரூபிப்பது. நமக்கு இதில் ஆச்சரியம் குறைவு. ஆர்.டி.ஓ. ஆபீஸில் சேஸ் நம்பர்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்தவர்கள்தானே நாம்? ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. பெட்ரோல் விலைக்குப் பயந்து அம்பாசிடரின் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் வைத்த காலத்தில், அதை ஆர்.சி. புக்கில் ஏற்றிவிட்டால் சர்க்காருக்கு எல்லாம் மேட்சிங். ஆர்வலருக்கு அந்த வண்டி பாதி வண்டி. அன்று அந்த மாற்றம்தான் பல டாக்ஸிக் குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்பதால், அப்படிப்பட்ட வண்டியை மட்டமாகப் பேசுவது எனக்குச் சம்மதமில்லை. டீசல் எஞ்சினும் அந்த அம்பாசிடரின் சரித்திரம்தான்.

இரவல் சொல் எல்லாம் நமக்குப் பொருந்துவதும் இல்லை. ‘ஃபிரேம் ஆஃப் ரெஸ்டோரேஷன்’ என்று பட்டறைப் பலகைகளில் எழுதியிருக்கிறது. பாடியைச் சேஸிலிருந்து தனியாகத் தூக்கி இறக்கிச் செய்யும் முழு வேலை. அமெரிக்கக் கார்கள் நெடுங்காலம் தனிச் சேஸோடு வந்தன, அதனால் அங்கே இந்தச் சொல் பிறந்தது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த அம்பாசிடருக்கும், ஃபியட் 1100-லிருந்து வந்த பத்மினிக்கும் பாடியே சேஸ். தூக்கி எடுக்கத் தனியாக ஒரு ஃபிரேம் இல்லை. அம்பாசிடருக்கு ஃபிரேம் ஆஃப் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவர் என்ன செய்யப் போகிறார் என்று இன்னொரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது. அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் உரிமையுள்ள கார் ஹெரால்டு. 1961-லிருந்து சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் செய்த இந்தக் காருக்கு அடியில் தனிச் சேஸ் உண்டு. பாடி துண்டு துண்டாகப் போல்ட்டில் நிற்கும். முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து முன்னோக்கித் திறக்கும்.

இந்தச் சொற்குழப்பம் பெரியவர்களையும் உறுத்தியிருக்க வேண்டும். உலகப் பழங்கார் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிவா, 2012-ல் ட்யூரின் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. பழங்கட்டடங்களுக்காக 1964-ல் எழுதிய வெனிஸ் சாசனம்தான் அதற்கு முன்மாதிரி. அது வேலையை மூன்று படியாகப் பிரிக்கிறது. தமிழில் சொன்னால் பேணுதல், காத்தல், மீட்டமைத்தல். கெடாமல் பார்த்துக்கொள்வது முதல் படி. கெடுதல் மேலே போகாமல் நிறுத்துவது இரண்டாவது. இல்லாமல் போனதைத் திரும்ப வைப்பது மூன்றாவது. அது கடைசி வழி. புதிதாக வைத்த பாகத்தில் அது புதியது என்று தெரியும்படி அடையாளமும் இருக்க வேண்டும். பட்டி வைத்த இடத்தை மறைப்பதே திறமை என்று வளர்ந்த தொழிலுக்கு இந்தக் கடைசி வரி பெரிய திருப்பம்.

அந்தச் சாசனத்தைப் படிக்கும்போது நம் கோயில் திருப்பணிகள்தான் நினைவுக்கு வந்தன. கல்தூணில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் எடுக்க மணல் பீய்ச்சி அடித்ததில், சிற்பத்தின் மூக்கும் கல்வெட்டின் எழுத்தும் மழுங்கியதை எதிர்த்து இங்கே எவ்வளவு குரல் எழுந்தது! கார்ப் பட்டறையிலும் அதே எந்திரம், அதே பெயர்: சாண்ட் பிளாஸ்டிங். கனமான சேஸுக்கு நல்லது. மெல்லிய கதவுத் தகரத்தில் அழுத்தமாக அடித்தால் தகரம் நெளிந்து போகும், அதை எந்த டிங்கராலும் முழுசாக நேராக்க முடியாது. கோயிலுக்காகக் குரல் கொடுக்கத் தெரிந்த நமக்கு, காருக்கான இந்த வாதமும் புரியாததில்லை.

சட்டம் பேசும் மொழி

2021 ஜூலையில் மத்திய அரசு பழைய வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டினால் வின்டேஜ். நம்பர் பலகையில் ‘வி.ஏ.’ எழுத்து, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். பிரிட்டனில் 1934-ல் பிறந்த வின்டேஜ் சங்கம் 1930-ல் கோடு போட்டு, அதற்குப் பின் வந்ததை வின்டேஜ் என்று சொல்லவே விடவில்லை. நம் சட்டத்தில் 1970-களின் அம்பாசிடரும் ஒவ்வொரு வருடமாக உள்ளே நுழைகிறது. ‘வின்டேஜ் வேற, கிளாசிக் வேற’ என்று வாதாடும் பழைய ஆட்களுக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு இதில் வருத்தமில்லை. அதே சட்டத்தின் அடுத்த நிபந்தனையைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸ், பாடி, எஞ்சின் இவற்றில் மாற்றம் செய்யும் அளவுக்கு ஓவர்ஹால் ஆகியிருக்கக் கூடாது. நம் பட்டறைகளில் ஐம்பது வருடமாகப் பெருமையாகச் சொன்ன ஓவராயில், சட்டத்தின் வாயில் தகுதிக் குறைவாக வந்து நிற்கிறது. ரீபோர் செய்து பிஸ்டன் மாற்றாமல் ஐம்பது வருடம் ஓடிய எஞ்சின் எத்தனை இருக்கும்? பழுது பார்த்தது எது, மாற்றியது எது என்று பிரித்துச் சொல்லும் சொற்கள் நம்மிடம் உறுதியாக இருந்தால்தான் அதிகாரியிடமும் பேச முடியும்.

ரெஸ்டோமாட் இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம். ரெஸ்டோரேஷனும் மாடிஃபிகேஷனும் ஒட்டிப் பிறந்த சொல்: பழைய உடம்பு, புதிய எஞ்சின், டிஸ்க் பிரேக், ஏ.சி. அமெரிக்காவில் அது பெரிய தொழில். இங்கே 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கம்பெனி விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுக்கு விரோதம் என்று சொல்லிவிட்டது. சொல் வந்துவிட்டது, வண்டிக்குச் சாலையில் இடம் இல்லை.

வினிகரும் உப்பும் தடவித் துருவை வரவழைத்து, அதன்மேல் கிளியர் கோட் அடித்துச் செயற்கையாக முதுமை ஏற்றுவதற்கும் ‘ஃபோட்டினா’ என்று பெயர் வந்தாயிற்று. அதைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை.

கட்டைவிரல் அகலம்

1994-ல் அடித்த நீலம் போன வருடம் பொரிந்து உதிரத் தொடங்கியது. கோயம்புத்தூர் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் ஹெரால்டை விட்டேன். டிங்கருக்கு முப்பது வயது இருக்கும். அப்பாவிடம் தொழில் கற்றவர். வண்டியை இறக்கியதும் சுத்தியலை எடுக்கவில்லை. டிக்கி ஓரத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஆயிரம் நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தார். நீலம் கரைந்து சாம்பல் பிரைமர் வந்தது. அதன் நடுவில் பட்டியின் வெளிர் மஞ்சள். அதற்கும் நடுவில் பழைய காவி பிரைமர், பிறகு தகரம். மரத்தை அறுத்தால் தெரியும் வளையம் மாதிரி. பச்சை மட்டும் எங்கேயும் இல்லை. அன்றைய மேஸ்திரி அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தார்.

மூன்றாவது வாரம் போன் வந்தது. “சார், நேர்ல வந்து பாருங்க.” டேஷ்போர்டைக் கழற்றியிருந்தார். ஸ்டீயரிங் தண்டைப் பிடிக்கும் தகட்டுக்கு அடியில், 1994-ல் யாரும் கழற்றாத இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு வெளிர் பச்சை. ஒளி படாத இடம் என்பதால் மங்கவும் இல்லை. பெரியப்பா முதன்முதலில் பார்த்த நிறம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை.

“கலர் மேட்ச் பண்ண இது போதும் சார். வண்டி முழுக்க இதே பச்சை கொண்டு வந்துடலாம்” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “இந்த இடத்தையும் சேர்த்து அடிச்சிடவா?” என்றார்.

“வேணாம் தம்பி. அப்படியே இருக்கட்டும்.”

தலையாட்டினார். மாஸ்கிங் டேப்பில் ஒரு துண்டு கிழித்து அந்தப் பச்சையை மூடினார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து டேப்பின் மேல் எழுதினார்: தொடாதே.